நட்பு வேண்டாம், எஃப்.ஐ.ஆர். போடு

எங்க அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஸ்டேஷன் வாசலில் இருந்த பலகையைக் காட்டி, "இதுல இன்னாடா எழுதியிருக்குது?" என்று கேட்டாள்.

"காவல்துறை உங்கள் நண்பன்னு எழுதியிருக்குது அத்த."

"யாருக்காம்?"

பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். அவளுடைய சின்ன மகன் கை உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். ஊர்த்தெரு வழியாக வண்டியில் உட்கார்ந்தபடியே போனான், இறங்கித் தள்ளிக்கொண்டு போகவில்லை என்பது அவன் செய்த குற்றம். அடித்தவர்கள் பேர் தெரியும். அடிக்கும்போது சொன்ன சாதிப் பேரும் தெரியும். சாட்சிக்கு நாலு பேர் உண்டு. மனுவை நான்தான் எழுதினேன்.

காலை பதினோரு மணிக்குப் போனோம். ரைட்டர் மனுவை வாங்கிப் படித்தார். படித்துவிட்டு மேசையில் கிடந்த பேப்பருக்கு அடியில் தள்ளினார். இன்ஸ்பெக்டர் பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறார் என்றார். ஒரு மணிநேரம் கழித்து, "இதெல்லாம் டி.எஸ்.பி. வந்து பாத்தாதான் போட முடியும், நாளைக்கு வாங்க" என்றார். நாங்கள் போகவில்லை. மூன்று மணிக்கு அடித்தவர்கள் தரப்பில் நாலு பேர் வந்தார்கள். அவர்களுக்கு நாற்காலி வந்தது, பின்னாலேயே டீ வந்தது. அத்தை வேப்பமரத்தடியில் குந்தியிருந்தாள். என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். "தம்பி, நீ எம்.ஏ. படிச்சவன்ற. நாளைக்கும் ரெண்டு பேரும் அதே ஊர்லதான இருக்கணும்? கேஸு கீஸுன்னு போனா நம்பிக்கை போயிடும். கெழவிக்கு எடுத்துச் சொல்லு."

ஆறரை மணிக்கு ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தார்கள். அத்தை அதை முந்தானையில் முடிந்துகொண்டாள். கேஸ் போட்டாயிற்று என்று நினைத்துக்கொண்டாள். போடவில்லை. மறுநாள் காலையில் கேஸ் வந்தது, நம் பையன்கள் ஆறு பேர் மீது. அதில் முதல் குற்றவாளி ஆஸ்பத்திரியில் கிடந்தவன். நம் மனுவுக்குத் துண்டுச் சீட்டு, அவர்கள் மனுவுக்கு எஃப்.ஐ.ஆர்.

இருபது நாள் கழித்து இரண்டு போலீசுக்காரர்கள் காலனிக்கு வந்தார்கள். நம் பையன்கள் கருவேலங்காட்டுப் பக்கம் ஓடினார்கள். "ஓடாதீங்கடா, உங்களப் புடிக்க வரல" என்று சிரித்துக்கொண்டே கூப்பிட்டார்கள். காவல்துறை – பொதுமக்கள் நல்லுறவு வாலிபால் போட்டியாம். எல்லா ஊர் டீமும் வருகிறதாம். காலனி டீமும் வரவேண்டுமாம். பனியன் அவர்களே தருவார்களாம்.

போவதா வேண்டாமா என்று நம் இளைஞர்களுக்குள் சண்டை. போனால்தான் நாமும் மனிதர்கள் என்று தெரியும் என்றார்கள் சிலர். அதிகாரிகள் முகம் பழகினால் நாளைக்கு உதவும் என்றார்கள் சிலர். படித்த நண்பர்களும், தொண்டு நிறுவனத்து நண்பர்களும் அதையேதான் சொல்கிறார்கள். மக்களுக்கும் போலீசுக்கும் இடையில் நம்பிக்கையை வளர்க்கவேண்டும், பாலம் கட்டவேண்டும், கூட்டாளிகளாகச் செயல்படவேண்டும். இவர்கள் எல்லோருக்குமான பதில்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்தத் துண்டுச் சீட்டைப் பார்ப்போம். அதற்கு சி.எஸ்.ஆர். ரசீது என்று பேர். விரித்துச் சொன்னால் கம்யூனிட்டி சர்வீஸ் ரெஜிஸ்டர். சமுதாயப் பணிப் பதிவேடு. நம் புகாரைப் புதைக்கிற குழிக்கு அவர்கள் வைத்திருக்கிற பேர் சமுதாயப் பணி! எஃப்.ஐ.ஆர். போட்டால் அது மாஜிஸ்திரேட்டுக்குப் போகவேண்டும், விசாரணை நடக்கவேண்டும், கோர்ட்டுக்குப் பதில் சொல்லவேண்டும். சி.எஸ்.ஆர். ஸ்டேஷனைவிட்டு வெளியே போகாது. அதன்பேரில் இரண்டு தரப்பையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் 'பேசி முடிக்கலாம்'. சர்க்கார் செலவில் நடக்கிற கட்டப் பஞ்சாயத்து இது.

சட்டம் என்ன சொல்கிறது? கைது செய்வதற்குரிய குற்றம் நடந்திருப்பதாகப் புகாரில் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகவேண்டும் என்று 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அதற்கும் மேலே போகிறது. 2018 மார்ச் 20ஆம் தேதி உச்சநீதிமன்றம், முதற்கட்ட விசாரணை செய்த பிறகுதான் வழக்குப் பதியலாம் என்று அந்தச் சட்டத்தின் பல்லைப் பிடுங்கியது. ஏப்ரல் 2ஆம் தேதி நாடு முழுக்கத் தலித்துகள் தெருவில் இறங்கினார்கள். வடமாநிலங்களில் நம் பிள்ளைகள் செத்து விழுந்தார்கள். அந்த உயிர்களைக் கொடுத்து வாங்கியதுதான் அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் சேர்த்த 18-அ பிரிவு. எஃப்.ஐ.ஆர். போட முதற்கட்ட விசாரணை தேவையில்லை, கைது செய்ய யார் ஒப்புதலும் தேவையில்லை என்று அது சொல்கிறது.

டி.எஸ்.பி. வந்தால்தான் போட முடியும் என்று ரைட்டர் சொன்னது பச்சைப்பொய். விசாரிக்கவேண்டியவர்தான் டி.எஸ்.பி. பதிவு செய்யவேண்டியது ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரி. 2024 ஜூலை முதல் வந்திருக்கிற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், மூன்று ஆண்டு முதல் ஏழாண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களுக்குப் பதினாலு நாள் முதற்கட்ட விசாரணை செய்யலாம் என்று ஒரு சந்து திறந்துவிட்டிருக்கிறார்கள். இனி அந்தச் சந்தைக் காட்டுவார்கள். 18-அ இருக்கும்வரை வன்கொடுமைப் புகாருக்கு அந்தச் சந்து செல்லாது. மாணவத் தோழர்கள் இதை மனப்பாடம் செய்துகொள்ளவேண்டும்.

ஆகவே நம்பிக்கை இல்லாதது யாருக்கு? கை உடைந்தவனைப் பெற்றவள் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்றுகூடத் தெரியாமல் போலீசை நம்பித்தான் ஸ்டேஷனுக்கு வந்தாள். ஏழரை மணிநேரம் நம்பி உட்கார்ந்திருந்தாள். அவள் சொன்னதை நம்பாதவர்கள் உள்ளே நாற்காலியில் இருந்தார்கள். சேரிக்காரன் சொன்னால் பொய், ஊர்க்காரன் சொன்னால் புகார். 'பி.சி.ஆர்.ல போட்டுருவானுங்க' என்று டீக்கடையில் ஊர்க்காரன் பேசுகிற அதே பேச்சுதான் காக்கிச்சட்டைக்குள்ளும் பேசுகிறது. நம்பிக்கை வளர்க்கிற வகுப்பை அங்கே நடத்தாமல் காலனியில் வந்து நடத்துகிறார்கள்.

இது நேற்று வந்த வியாதி அல்ல. சென்னை மாகாணத்தில் வரி வசூலுக்காகக் குடியானவர்களைச் சித்திரவதை செய்ததைப் பற்றி விசாரித்த கமிஷன் 1855இல் அறிக்கை கொடுத்தது. வரி வசூலிப்பவனும் போலீசு வேலை பார்ப்பவனும் அன்று ஒரே ஆள். விரலைக் கிட்டியில் வைத்து நெரித்ததெல்லாம் அந்த அறிக்கையில் இருக்கிறது. அதற்குப் பிறகுதான் 1859இல் தனியாகப் போலீசுச் சட்டம் போட்டார்கள். வெள்ளைக்காரன் அமைத்த அந்தப் போலீசு, குடிமக்களுக்குக் காவல் இருக்கவா அமைந்தது? குடிமக்களிடமிருந்து சர்க்காரையும் சொத்தையும் காக்க அமைந்தது. 1911இல் குற்றப்பரம்பரைச் சட்டம் இங்கே வந்தது. பிறந்த குழந்தையின் நெற்றியிலேயே குற்றவாளி என்று எழுதியது. சுதந்திரம் வந்தபோது சட்டம் போனது. குறவர் வீட்டுக் கதவைத் தட்டுகிற கை போகவில்லை. 1993இல் கம்மாபுரம் ஸ்டேஷனில் நடந்ததை 2021இல் 'ஜெய் பீம்' என்று படமாக எடுத்தபோது வீட்டில் உட்கார்ந்து அழுதவர்கள் எத்தனை பேர்! அந்தக் கண்ணீரில் ஒரு சொட்டு, அடுத்த தெருவில் திருட்டுக் கேஸுக்கு ஆள் பிடிக்க வேன் வந்தபோது வந்ததா?

கூட்டாளியாகச் செயல்படச் சொல்கிறார்கள். கூட்டு நமக்குப் புதிதில்லை ஐயா. கிணற்றில் ஊறிப்போன பிணம் மிதந்தால் போலீசு தேடிவருவது சேரிக்குத்தான். தண்டவாளத்தில் சிதறிக்கிடந்தால் பொறுக்கி எடுக்கக் கூப்பிடுவது நம் ஆளைத்தான். மூக்கைப் பொத்திக்கொண்டு தூரத்தில் நிற்பார் ஏட்டு. ஒரு குவார்ட்டரும் ஐம்பது ரூபாயும் கூலி. தலைமுறை தலைமுறையாக இந்தக் கூட்டுத்தொழிலைச் செய்துவருகிறோம். பிணத்தைத் தூக்கும்போது 'வாடா தம்பி' என்று தோளில் கைபோட்டவர், மனுவைத் தூக்கிக்கொண்டு போனால் 'யார்றா நீ' என்கிறார்.

மனு கொடுக்கப் போனவர்கள் கதை இன்னும் பெரிது. மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கலெக்டரிடம் மனு கொடுக்க 1999 ஜூலை 23ஆம் தேதி திருநெல்வேலியில் ஊர்வலமாகப் போனார்கள். போலீசு அடித்துத் துரத்தியதில் தாமிரபரணி 17 பேரை விழுங்கியது. அதில் கைக்குழந்தையும் ஒன்று. அதற்கு நாலாண்டு முன்னால், 1995 ஆகஸ்ட் 31ஆம் தேதி கொடியங்குளத்தில் புகுந்த போலீசு டிவியையும் ஃபேனையும் உடைத்தது. குடிக்கிற கிணற்றில் விஷத்தைக் கலந்தது. பாஸ்போர்ட்டையும் படித்த சர்ட்டிபிகேட்டையும் கிழித்தது. சர்ட்டிபிகேட்டைக் கிழித்தவன் மனதில் என்ன இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். இவன் எப்படி மச்சுவீடு கட்டலாம், இவன் பிள்ளை எப்படிப் பட்டம் வாங்கலாம் என்கிற ஊர்க்காரன் வயிற்றெரிச்சல்தானே அந்த லத்தியைப் பிடித்திருந்தது? 2011 செப்டம்பர் 11ஆம் தேதி இம்மானுவேல் சேகரன் நினைவுநாளில் பரமக்குடியில் துப்பாக்கிச்சூடு. ஒவ்வொரு முறையும் ஒரு கமிஷன் போடுவார்கள். கமிஷன் அறிக்கை தருவதற்குள் செத்தவர்களுக்குத் திவசம் வந்துவிடும். அறிக்கை வந்தால் பழி நம் தலையில் விழும்.

பழைய கதை, இப்போதெல்லாம் அப்படி இல்லை என்பவர்கள் வேங்கைவயலுக்கு வரட்டும். 2022 டிசம்பரில் தலித்துகள் குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் மலம் கிடந்தது தெரியவந்தது. அந்தத் தண்ணீரைக் குடித்த மக்கள்தான் புகார் சொன்னவர்கள். விசாரிக்க வந்தவர்கள் அவர்களிடமே மரபணுச் சோதனைக்கு ரத்தம் கேட்டார்கள். பலர் மறுத்தார்கள். ஏன் மறுத்தார்கள்? நம்பவில்லை, அதனால் மறுத்தார்கள். அவர்கள் நம்பாததற்கு என்ன பேர் வந்தது? ஒத்துழைக்கவில்லை என்று பேர் வந்தது. இரண்டு ஆண்டு கழிந்து 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. போலீசு குற்றப்பத்திரிகை கொடுத்தது. குற்றவாளிகள் என்று சொல்லப்பட்ட மூன்று பேரும் அதே வேங்கைவயல் தலித்துகள். தீர்ப்பு சொல்லவேண்டியது கோர்ட்டு, போலீசு இல்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். இதைப் பார்த்த பிறகு இன்னொரு ஊரில், இன்னொரு தொட்டியில் எதுவும் கிடந்தால் அந்தச் சேரி போலீசுக்குச் சொல்லுமா, மூடிவைத்துக்கொண்டு குடிக்குமா?

நண்பன் திட்டம் ஒன்று இருந்தது. 1993இல் ராமநாதபுரம் மாவட்டத்தில் 'ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' என்று தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவியது. நல்ல எண்ணத்தில்தான் தொடங்கினார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஸ்டேஷனுக்கு நண்பனாக யார் போவான்? ஊரில் செல்வாக்குள்ளவன் பிள்ளை போவான். ஏற்கெனவே லத்தி இல்லாமலே அடிக்கிறவனுக்கு லத்திக்காரன் சிநேகிதமும் கிடைத்தால் சேரி என்ன ஆகும்? 2020 ஜூனில் சாத்தான்குளம் ஸ்டேஷனில் ஒரு தகப்பனையும் மகனையும் அடித்து, இருவரும் செத்தார்கள். அந்த நண்பர் படையின் பேரும் அதில் அடிபட்டது. ஜூலையில் அரசே அந்தப் படைக்குத் தடை போட்டது. இருபத்தேழு ஆண்டு நட்பு இப்படி முடிந்தது.

அதே சாத்தான்குளத்தில் இன்னொன்றும் நடந்தது. ஸ்டேஷன் கேமராவில் பதிவானது தினமும் தானாக அழியும்படி வைத்திருந்தார்கள். ஆனால் அங்கே வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர், சுற்றி நின்றவர்கள் மிரட்ட மிரட்ட, இரவு முழுக்க அடித்ததை மாஜிஸ்திரேட்டிடம் சொன்னார். போலீசு உடுப்புப் போட்ட ஒருவரை மக்கள் நம்பினார்கள் என்றால் அந்த அம்மாளைத்தான் நம்பினார்கள். அவர் யாரோடும் பந்து ஆடவில்லை. பார்த்ததைச் சொன்னார், கையெழுத்துப் போட்டார்.

நம்பிக்கை எப்படி வரும் என்று கேட்கிறவர்களுக்கு வாச்சாத்தியைக் காட்டுகிறேன். 1992 ஜூன் 20ஆம் தேதி வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் சேர்ந்து அந்த மலைவாழ் மக்கள் ஊருக்குள் புகுந்து செய்த அக்கிரமம் உலகத்துக்கே தெரியும். பதினெட்டுப் பெண்கள் வல்லுறவுக்கு ஆளானார்கள். அவர்களை யாரும் நல்லுறவுக் கூட்டத்துக்குக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் போயிருக்கமாட்டார்கள். பழங்குடி மக்கள் சங்கமும் இடதுசாரித் தோழர்களும் கூட நிற்க, கோர்ட்டு கோர்ட்டாக ஏறினார்கள். அடையாள அணிவகுப்பில் நின்று விரலை நீட்டினார்கள். 269 பேர் மேல் வழக்கு. விசாரணை முடிவதற்குள் 54 பேர் செத்துப்போனார்கள். மிச்சம் 215 பேருக்கும் 2011 செப்டம்பர் 29ஆம் தேதி தர்மபுரி கோர்ட்டு தண்டனை கொடுத்தது. 2023இல் அதே செப்டம்பர் 29ஆம் தேதி ஐகோர்ட்டும் அதை உறுதிசெய்தது. அந்தப் பெண்களுக்கு ஆளுக்குப் பத்து லட்சம் கொடுக்கச் சொன்னது. அப்போதைய கலெக்டர், எஸ்.பி., வனத்துறை அதிகாரி மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. 31 ஆண்டு! குமரியாக இருந்தவள் கிழவியானாள். ஆனாலும் சட்டம் என்று ஒன்று இருக்கிறது என்கிற நம்பிக்கை இந்த நாட்டுப் பழங்குடிக்கும் தலித்துக்கும் கொஞ்சமாவது மிச்சமிருக்கிறது என்றால் அது இப்படி வந்தது. தப்பு செய்த காக்கிச்சட்டை கூண்டில் ஏறியபோது வந்தது.

நம் பக்கத்துச் சங்கதியையும் சொல்லாமல்விட்டால் இது நேர்மையான எழுத்தாகாது. ஸ்டேஷன் வாசலில் நம் ஆட்களும் நிற்கிறார்கள். வெள்ளைவேட்டி, பாக்கெட்டில் தலைவர் படம். 'நான் இன்ஸ்பெக்டர்கிட்ட பேசிட்டேன், கேஸ வாபஸ் வாங்கிக்க, செலவுக்கு இருபதாயிரம் வாங்கித் தரேன்' என்கிறவன் நம் தெருக்காரன்தான். அவன் சொல்வதும் நல்லுறவுதான். இடஒதுக்கீட்டில் காக்கி போட்ட நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஸ்டேஷனில் அவர்கள் வாய்திறக்க முடியாது என்பது தெரியும். ஆனால் வாய்திறக்க முடியாதவன் லத்தியை மட்டும் எல்லோரையும்விட ஓங்கி அடிக்கிறானே, அது ஏன்? 'நீ எந்தப் பக்கம்' என்று யாரும் கேட்டுவிடக்கூடாது என்கிற பயம். அவன் பயமும் நம் பயமும் ஒரே ஊரில் முளைத்தவைதான். அவனையும் நாம் கேள்வி கேட்டாகவேண்டும்.

சரி, என்னதான் கேட்கிறாய் என்பார்கள். புதிதாக ஒன்றும் கேட்கவில்லை. இருக்கிற சட்டத்தை நடத்து என்கிறோம். புகார் வந்தால் எஃப்.ஐ.ஆர். போடு. எழுதத் தெரியாதவள் வாயால் சொன்னால் எழுதிக்கொள், எழுதியதை அவளுக்குப் படித்துக்காட்டி அப்புறம் கையெழுத்து வாங்கு, அவளுக்கு ஒரு நகல் காசில்லாமல் கொடு. சம்பவம் நடந்த இடத்துக்குக் கலெக்டரும் எஸ்.பி.யும் வரவேண்டும் என்கிறது விதி, வரச்சொல். அறுபது நாளைக்குள் விசாரணையை முடித்துக் குற்றப்பத்திரிகை போடு. இதையெல்லாம் வேண்டுமென்றே செய்யாத அதிகாரிக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டுவரை ஜெயில் என்று 4ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவில் உள்ளே போன எந்த அதிகாரியையாவது நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பார்க்கமுடியாது. துறைக்குள்ளே விசாரணை நடந்து பரிந்துரை வந்தால்தான் வழக்கு என்று அதே பிரிவிலேயே ஒரு பூட்டுப் போட்டுவைத்திருக்கிறார்கள். அந்தப் பூட்டை உடைக்கவேண்டும். போலீசு மேல் வரும் புகாரை விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஆணையம் வேண்டும் என்று 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னது. 2013இல் தமிழ்நாட்டில் போட்ட சட்டம் உள்துறைச் செயலாளரைத் தலைவராக்கி, டி.ஜி.பி.யை உறுப்பினராக உட்காரவைத்தது. பூனை மேல் புகார் சொல்லப் பூனையிடமே போகச் சொல்கிற சட்டம்.

இதைச் செய்துகாட்டட்டும். நம்பிக்கை தானாக வரும். வராவிட்டாலும் மோசமில்லை. போலீசை நேசித்தே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் குடிமகனுக்குச் சொல்லவில்லை. ரேஷன் கடைக்காரன் நமக்கு நண்பனாக இருக்கவேண்டியதில்லை, அரிசியை எடை குறையாமல் போட்டால் போதும். நண்பனாக இருந்தால் தயவுக்கு நிற்கவேண்டும், உரிமை கேட்க முடியாது. நூற்றாண்டுகளாக ஊர்க்காரன் தயவில் நின்ற நம்மை இப்போது ஸ்டேஷன் தயவில் நிற்கச் சொல்கிறார்கள். பேர்தான் மாறியிருக்கிறது.

படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வேலை சொல்கிறேன். ஊருக்கு ஒருவராவது மனு எழுதப் பழகுங்கள். நாள், நேரம், இடம், அடித்தவன் பேர், சொன்ன சாதிச்சொல், பார்த்தவர்கள் பேர் எல்லாம் அதில் இருக்கட்டும். சி.எஸ்.ஆர். கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் திரும்பி வந்துவிடாதீர்கள். ஸ்டேஷனில் பதிய மறுத்தால் புகாரை எழுத்தில் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம் என்று வன்கொடுமைத் தடுப்பு விதிகளில் 5ஆம் விதி வழி காட்டுகிறது. அனுப்பிய ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் அசையவில்லையென்றால் கோர்ட்டு இருக்கிறது. காசில்லாமல் நிற்கிற வக்கீல்களும் இருக்கிறார்கள், தேடுங்கள்.

வாலிபால் போட்டி நடந்து முடிந்தது. காலனி டீம் இரண்டாக உடைந்தது. நாலு பேர் போகவில்லை. மற்றவர்கள் பக்கத்துக் காலனிப் பையன்களைச் சேர்த்துக்கொண்டு போனார்கள், முதல் ஆட்டத்திலேயே தோற்றுவந்தார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. பனியனைப் பார்த்ததும் அத்தைதான் கேட்டாள். "எம்புள்ளய அடிச்சவனும் அங்க ஆடுனானா?"

ஆடினான். கப்பும் வாங்கினான். கொடுத்தவர் இன்ஸ்பெக்டர்.

எஸ்.பி.க்கு மனு அனுப்பியிருக்கிறோம். தபால் ரசீது அத்தை முந்தானையில் அந்தத் துண்டுச் சீட்டோடு சேர்ந்து முடிந்துகிடக்கிறது. கேஸ் இன்னும் போடவில்லை. போடுகிறவரை அந்த மைதானத்தில் நமக்கு ஆட்டமில்லை.